மேட்டில் தோண்டாமல் விட்ட கால் பங்கு

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் மயிலாப்பூரில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தீர்கள். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். அடையாற்றுக்குத் தெற்கே, இப்போது குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே, ஒரு துண்டு மேடு நிற்கிறது. யுத்த காலத்தில் முக்கால் பங்கைத் தோண்டிய நாங்கள் வடகிழக்கு மூலையை மட்டும் ஏன் விட்டோம்? நான் வரைந்த படத்தில் அந்த இடம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது?

உங்கள் புதுக் கருவி அந்த மண்ணுக்குள் உடையாத தாழி ஒன்று இருப்பதாகக் காட்டுகிறது என்றும் சொன்னீர்கள். குடியிருப்புக்காரர்கள் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்களாம். தோண்டி எடுத்துக்கொண்டால் மீதி மண்ணைச் சமன் செய்து பூப்பந்து ஆட இடம் போடுவார்கள். தொடக்கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் வேலி கட்டி விட்டுவிடுவார்கள். ஆக, முடிவு உங்களுடையது.

அன்று நான் மழுப்பினேன். ரத்தத்தில் சர்க்கரை, டாக்டர், புது மாத்திரை என்று எங்கெங்கோ பேச்சை ஓட்டினேன். நீங்களும் கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று பரிதாபப்பட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். நினைவெல்லாம் நன்றாகவே இருக்கிறது. நேரில் சொன்னால் குரல் தடுமாறும், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கருவி இப்போது கண்டுபிடித்ததை நான் அப்போதே கண்டேன். அந்தத் தாழியின் விளிம்பை என் கையால் துடைத்தேன். என் கையாலேயே மண்ணைப் போட்டு மூடினேன்.

அந்த நாளில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பட்டணம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் நெல்வயல், வாய்க்கால், பனைமர வரிசை, இடையிடையே குடிசைகள். அந்த வயல்களுக்கு நடுவில், ஏர் ஏறாத ஒரு சரளைமண் மேடு. அதைச் சுற்றி யாரோ கொண்டுவந்து நட்டதுபோல் பெரிய பாறைகள் வட்டமாக நிற்கும். ஊர்க்காரர்கள் அதைப் பாண்டவர் மேடு என்பார்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்காத இடம் தமிழ்நாட்டில் ஏது? நமக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இரும்பு புதிதாக இருந்த காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலி செய்து ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமானதளத்துக்கு ராணுவம் அவசரமாக ரோடு போட்டது. ரோட்டுக்குச் சரளை வேண்டும். மேட்டில் சரளை இருந்தது. காண்டிராக்டர் ஆட்கள் வெட்ட ஆரம்பித்த அன்றே பானை ஓடு தட்டுப்பட, செய்தி எங்கள் தொல்பொருள் அலுவலகத்துக்கு வந்தது. பொங்கலுக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு லாரி வரும் என்றார்கள். அதற்குமேல் யுத்தத்தோடு வாதாட முடியாது.

எங்கள் மேலதிகாரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் லஸ் பக்கம்தான் இருக்கிறார்கள். கட்டுக்குடுமி, கோட்டு, கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. நான் வேலையில் சேர்ந்த புதிதில் மண்ணிலிருந்து ஒரு பல்லை எடுத்து, ஆதிமனிதன் பல் என்று ஓடிப்போய் நீட்டினேன். கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். "சவரி, இவன் ஆயுசு முழுக்கப் புல்லுதான் தின்னுண்டு இருந்திருக்கான்" என்றார். மாட்டுப் பல். அலுவலகமே ஒரு மாதம் என்னைப் பார்த்து அசைபோட்டுக் காட்டியது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பல்லையும் நான் அவசரப்பட்டு யாரிடமும் நீட்டியதில்லை.

அவர் எங்களுக்கு ஒரு விதி சொல்லி வைத்திருந்தார். எந்த மேட்டையும் முழுக்கத் தோண்டாதே. ஒரு பகுதியை விட்டு வை. நம்மைவிடக் கண் உள்ளவன் பின்னால் வருவான், அவனுக்கு மண்ணே சாட்சி சொல்லட்டும். அதைச் சாட்சி மண் என்போம். இந்த மேட்டில் அந்த விதியை அவரே தள்ளிவைத்தார். "லாரி திங்கப்போற மண்ணுல சாட்சி என்னத்துக்கு? நாலு பங்கையும் எடுத்துடலாம்" என்றார். அந்தச் சூழ்நிலையில் அது நியாயம்தான்.

மேட்டை நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டு இறங்கினோம். சிந்தாதிரிப்பேட்டை கரீம் பாய்தான் மேஸ்திரி. மண் சுமக்கப் பக்கத்துக் குடிசைப் பெண்கள் வந்தார்கள். முதல் மூன்று பங்கில் மூன்று பெரிய தாழிகள் கிடைத்தன. அந்தச் செம்மண்ணில் எலும்பு நிற்பது அபூர்வம், தொட்டால் மாவாகும். கிடைத்த துண்டுகளைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பினோம். புதையல் எங்கே சாமி என்று ஊர்க்காரர்கள் தினமும் கேட்டார்கள். ஓட்டுத் துண்டுகளைக் காட்டினால் எங்களைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கடைசிப் பங்குதான் வடகிழக்கு. அதன் ஓரத்தைச் சீவும்போதே நான்காவது தாழியின் விளிம்பு தெரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, மேல்மண்ணிலேயே, ஒரு சின்னப் பானை கவிழ்ந்து கிடந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அந்தக் காலத்துப் பானைதான், சந்தேகமே இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியே பார்த்தபோது முருங்கைக்காம்பு கனத்தில் விலா எலும்புகள். ஒரு கைக்குழந்தை.

அடியில் பலகையை நுழைத்து, மண் சிந்தாமல் பானையை அப்படியே தூக்கி மேலே வைத்தோம். மேலதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்லே சவரி. பெரியவாளைத் தாழியில வெச்சா, சரி. கொழந்தைய என்ன பண்ணினான்னு யாருக்குமே தெரியாது. இது சொல்லப்போறது" என்றார். குழந்தை எலும்பு இந்த மண்ணில் எப்படி நின்றது என்று கேட்டேன். பானை காப்பாற்றியிருக்கும் என்றார். இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. வண்டியையும் போட்டோ எடுப்பவரையும் அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு, பாலத்தடியில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸைப் பிடிக்கப் போனார். சாயங்காலத்துக்குள் நாலாவது தாழியின் மண்ணைத் தள்ளி வை என்று எனக்கு உத்தரவு.

அவர் தலை மறைந்ததும், மண் சுமந்த பெண்களில் ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பெயர் கன்னியம்மா. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மற்றவர்கள் நிழலில் உட்காரும்போதும் அவள் இந்த வடகிழக்குப் பக்கமே நின்றுகொண்டிருப்பாள். மற்றவர்கள் கூலிக்கு வந்தார்கள், அவள் காவலுக்கு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சாமி, அத்த வச்சிடு."

"எதை?"

"அந்தச் சட்டிய. அது எங்குளுது."

நான் பொறுமையாக விளக்கினேன். இது ராஜா காலத்துக்கும் முந்தின பானை, அப்போது இந்த ஊரே கிடையாது, ஒருவரும் உரிமை கொண்டாட முடியாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சட்டி பளசுதான் சாமி. மயைல மேட்டு மண்ணு கரைஞ்சப்போ வெளில வந்துச்சி. நல்லாகீதேன்னு எடுத்து வச்சிக்கினோம். உள்ள கீறது பளசு இல்ல. எம்புள்ள."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பல் முளைக்காத குழந்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புதைப்பார்கள். வயலில் புதைத்தால் ஏர் கிளறிவிடும், அதனால் மேட்டில்தான். நாய் தோண்டாமல் இருக்க மேலே ஒரு பானையைக் கவிழ்ப்பார்கள். இப்படி ஒன்று இருக்கும் என்று எங்கள் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பானையைப் பார்த்தால் காலத்தைச் சொல்லு என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நம் தொழில்காரன் மட்டுமே இந்தத் தவறைச் செய்ய முடியும். வேறு யார் பார்த்திருந்தாலும் முதலில் குழந்தையைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்த நிமிஷத்தில் அது தவறா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. காண்டிராக்டர் வேப்பமர நிழலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"நம்பாத தம்பி. இதோட புருசன் நேத்து என்னாண்ட வந்து, மேட்ட உட்டுடு நைனா, வெள்ளத்துல மாடு கட்ட வேற எடமில்லன்னு கால்ல வுந்தான். மாட்டுக்கு மசியலன்னு இன்னிக்கிப் புள்ளய இட்டுக்கினு வந்துகீது."

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா, கேட்டாரு" என்றாள். "மாட்டுக்கும் இந்த மேடுதான். புள்ளைக்கும் இந்த மேடுதான். வேற இன்னா கீது எங்களுக்கு?"

நான் கேள்வி கேட்டுப் பார்த்தேன். எப்போது வைத்தாய்? போன ஆடிக்கு முந்தின ஆடி. எப்படி வைத்தாய்? அவள் சொன்ன எதுவும், பானையைத் தூக்கியபோது பக்கத்தில் நின்று பார்த்த எவளும் சொல்லக்கூடியதுதான். மண்ணைப் பார்த்தேன். எலி வளையும் கறையானும் மேல்மண்ணை ஏற்கெனவே குழப்பி வைத்திருந்தன. புதுக் குழியா பழைய குழியா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கரீம் பாயைப் பார்த்தேன். அவரும் மண்ணை நசுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஒரே வழிதான் இருந்தது. பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிச் சலித்தால் தெரிந்துவிடும். நூலோ துணியோ கிடந்தால் நேற்றைய குழந்தை. இல்லையென்றால் எங்கள் குழந்தை. அதை அவளிடம் சொன்னேன். அழுவாள், கூடாது என்று தடுப்பாள் என்று நினைத்தேன். தடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பொய் என்று முடிவு கட்டியிருப்பேன்.

"கறுப்பு அரணாக்கயிறு கட்டிதான் வச்சேன்" என்றாள். "கொட்டிப் பாரு."

சொல்லிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறி மடிமேல் விரித்தாள்.

"மண்ணுல கொட்டாத சாமி. இதுல கொட்டு."

என் கையில் கரண்டி இருந்தது. பானையின் உடைந்த ஓரத்தில் அதை வைத்தேன். வைத்தபடியே நின்றேன். கதிர் அறுக்கிறவர்கள் வயலில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். ஒரு பொய்க்காக ஒருத்தி இப்படி மடியை விரிக்க முடியுமா என்று அப்போது நினைத்தேன். முடியும். ஒரு மேட்டுக்காக, வெள்ளத்தில் மாடு சாகாமல் இருப்பதற்காக, ஏழைகள் அதைவிடப் பெரிதாகவும் செய்வார்கள். ஆகவே அந்த முந்தானையை நான் சான்றாக எடுத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தாள். நாங்கள் சாந்தோம் கோவில் பங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். அப்படிப்பட்ட குழந்தைக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு இடம் கிடையாது. மதில் ஓரத்தில், சிலுவை இல்லாமல், தனியாக. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா நேர்வழியாக வீட்டுக்கு வரமாட்டாள். மதிலைச் சுற்றித்தான் வருவாள். கால் வலிக்கிறதும்மா என்று நான் சிணுங்குவேன். அத்தை சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு சிணுங்கியதில்லை. யாராவது ஒரு படித்தவன் அந்த மதிலோரத்தைத் தோண்டி எடுத்து, இது உன் பிள்ளைதான் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று அம்மாவைக் கேட்டிருந்தால் அவள் எதைக் காட்டியிருப்பாள்?

கரண்டியைக் கீழே வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. அந்த வேலை எனக்கு மிகவும் வேண்டியிருந்தது, வீட்டில் தங்கைகள் இருந்தார்கள். "பாய், பலகையைப் பிடிங்க. இருந்த இடத்துல வச்சிடலாம்" என்றேன்.

கரீம் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பலகையைப் பிடித்தார். இருந்த இடத்தை நாங்கள் சீவித் தள்ளியிருந்தோம். எங்கே வைக்கட்டும் என்று கன்னியம்மாவைக் கேட்டேன். அவள் நாலாவது தாழியின் விளிம்பைக் காட்டினாள்.

"அந்தப் பெரியவரு பக்கத்துல."

"ஏன் அங்கே?"

"தனியாக் கெடக்கக் கூடாதுன்னுதான சாமி இங்க வச்சேன். மேட்டுக்குள்ள பெரியவங்க கீறாங்கன்னு எல்லார்க்கும் தெரியும். அவங்க பாத்துக்குவாங்கோ." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "மூணு பேரத் தூக்கிக்கினு போய்ட்டீங்க. இவரையும் தூக்கிக்கினா, புள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க?"

"பிள்ளைங்களா?"

"என்னுது ஒண்ணுதானா?" என்றாள்.

குழியை வெட்டி, பானையை இறக்கி, மூடினோம். அவளே கையால் மண்ணைத் தள்ளினாள். அதற்குள் வயலிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். கையில் அரிவாளோடு சிலர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, தலை நரைத்த ஒருத்தி. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, எந்த இடத்தையும் சுட்டிக் காட்டவும் இல்லை. அந்தக் கால் பங்கு மேட்டில் ஆளுக்கு ஓர் இடமாகப் போய் நின்றார்கள். நரைத்தவள் நின்ற இடத்தில் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கரீம் பாய் என் பக்கத்தில் வந்து சொன்னார். "இது மேடு இல்ல சாப். கப்ரஸ்தான்."

அவர் பாஷையில் இடுகாடு. ஆதிகாலப் புதைமேடு என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவோம். ஆதிகாலத்தில் தொடங்கியது என்பது சரி. எப்போது முடிந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அது முடியவே இல்லை. போன ஆடிக்கு முந்தின ஆடி வரைக்கும் நடந்துகொண்டிருந்தது. நான் தாழியின் விளிம்பைக் கையால் ஒருமுறை துடைத்தேன், ஏனென்று தெரியாது. பிறகு அதன்மேலும் நானே மண்ணைத் தள்ளி மூடினேன்.

சாயங்காலம் மேலதிகாரி வண்டியோடு வந்தார். பலகை காலியாகக் கிடந்தது.

"எங்கடா?"

"வச்சிட்டேன் சார். மண்ணுக்குள்ளயே."

நடந்ததைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"ருசு இருக்கா?"

"இல்ல சார். கொட்டினாத்தான் ருசு. அந்தம்மா முந்தானைய விரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னால முடியல."

"நம்ம தொழில் என்ன சவரி? கேட்டவாளுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறதா? நாளைக்கு ஒருத்தன் வந்து இந்தத் தாழி எங்க தாத்தாதும்பான். குடுத்துடுவியா? அவ சொன்னது பொய்யா இருந்தா எவ்வளவு பெரிய விஷயம் போச்சு தெரியுமா? அந்தக் கொழந்தை ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதா இருந்து, நீ அதைத் திரும்பப் பொதைச்சிருந்தா?"

அவர் கேட்டது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. உங்களுக்கும் அதுவே தோன்றியிருக்கும் என்று தெரியும்.

"நாலாவது தாழி?"

"மூடிட்டேன் சார்."

அவர் மேட்டின்மேல் ஏறினார். பெண்கள் இன்னும் போகவில்லை. அவர் வருவதைப் பார்த்தும் யாரும் நகரவில்லை, வழியும் விடவில்லை. ஒவ்வொருத்தி நின்ற இடத்தையும் அவர் பார்த்துக்கொண்டே, அவர்கள் காலடியைத் தவிர்த்து வளைந்து வளைந்து நடந்தார். நரைத்தவளிடம் வந்தபோது நின்றார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது பூதக்கண்ணாடியைக் கோட்டுப் பையில் போட்டிருந்தார்.

"லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "சாட்சி மண் சார். நீங்க சொன்ன விதிதான். பின்னால வர்றவங்களுக்காக ஒரு பங்கை விட்டிருக்கோம்னு சொல்லலாம்."

"என் விதியை எங்கிட்டயே திருப்பறே" என்றார்.

மறுநாள் ராணுவப் பொறியாளருக்கு அவரே எழுதினார். வடகிழக்குப் பங்கு ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்டது, தொடக்கூடாது. காண்டிராக்டர் முணுமுணுத்துக்கொண்டே முக்கால் மேட்டோடு போனார். அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் மாடுகள் அந்தக் கால் மேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதை நானே போய்ப் பார்த்தேன். படம் வரையும்போது அந்தப் பங்கில் நான் ஒரு கோடும் போடவில்லை. மேலதிகாரி அதைக் கவனித்தார், கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, பல மாதம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ பண்ணினது சரின்னு நான் இன்னும் சொல்லலே" என்றார். கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோண்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது, ஆனால் உரிமை இல்லை. எங்களைவிடக் கண் உள்ளவர்கள் பின்னால் வருவார்கள் என்று சொல்லித்தான் அந்த மண்ணைக் காப்பாற்றினேன். வந்துவிட்டீர்கள். என் தந்திரம் இத்தனை வருஷம் கழித்து என் கழுத்தையே பிடிக்கிறது. உங்களிடம் மண்ணைக் கொட்டாமலே உள்ளே பார்க்கும் கருவி இருக்கிறது. அன்று எனக்கு அது இருந்திருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தத் தாழி நம் தொழிலுக்குப் பெரிய செய்தி என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் நான் சாகப்போகிறேன் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. நீங்கள் ஆசைப்படுவதைக் குறைசொல்லமாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இனிமேல் எங்கே போய் எதைத் தோண்டினாலும், சான்று எங்கே என்று கேட்பதற்கு முன்னால், அந்தச் சான்றை யாருடைய மடியில் கொட்ட வேண்டியிருக்கும் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் தாராளமாகக் கொட்டுங்கள்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் வயல்கள் மனைகளாயின. குடிசைகள் போயின. கன்னியம்மா அடையாறு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கீரை விற்க ஆரம்பித்தாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவளிடம்தான் வாங்குவேன். எடுத்தவுடன் ஒரே கேள்வி கேட்பாள்.

"பெரியவரு கீறாரா சாமி?"

"கீறாரும்மா" என்பேன். அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கீரையைக் கட்டுவாள். எத்தனையோ வருஷம் இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான் எங்களுக்குள் பேச்சு.

கன்னியம்மா இப்போது இல்லை. அதே இடத்தில் அவள் மகள் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குழந்தைக்குப் பிறகு பிறந்தவள். அண்ணனைப் பார்த்ததில்லை. ஆனால் அம்மா கேட்ட கேள்வியை அவளும் விடாமல் கேட்டுவந்தாள், இப்போதுதான் எனக்குக் கால் ஓய்ந்துபோய் அந்தப் பக்கம் போவது நின்றுவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டுக்குப் போக நீங்கள் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். உங்கள் கருவிப் பெட்டியைப் பார்த்தவுடன் எங்கே போகிறீர்கள் என்று புரிந்துகொள்வாள். நானாவது மூடிவிட்டு வந்தவன், எனக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. உங்களையும் கேட்பாள். முடிவு எதுவானாலும் பதிலை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.